வரகைத் தோலுரித்த கைகள்

பெரம்பலூருக்குப் பக்கத்தில் சிறுதானியம் உடைக்கும் சிறிய மில் ஒன்றை நடத்திவருகிறேன். வரகு, சாமை, தினை, குதிரைவாலி நான்கும் எங்களிடம் வரும். இவற்றில் இயந்திரத்தை அதிகம் சோதிப்பது வரகுதான். சாமையும் தினையும் சீக்கிரம் உரிந்துவிடும். வரகை ஓட்டியதையே திரும்பவும் ஓட்ட வேண்டும், சில நேரம் மூன்றாம் முறையும். அவ்வளவு கெட்டியான உமி. அதற்கு உள்ளே அரிசியை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும் தவிட்டுத் தோல் வேறு. ஒரு மூட்டை வரகைக் கொட்டினால் பாதிக்குச் சற்று மேலேதான் அரிசியாகத் தேறும். மற்றதெல்லாம் உமி, தவிடு, நொய்.

நாக்குக்குப் பிடிக்காமல்தான் நம்மவர்கள் வரகை விட்டுவிட்டார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். நெல்லுச்சோற்று மோகம் என்கிறார்கள். அந்த மோகம் இருந்தது உண்மை. ஆனாலும் வரகு வீட்டைவிட்டுப் போனதற்கு அதைவிடப் பெரிய காரணம் அதன் தோல் என்பது என் முடிவு. தோலுரிக்கிற வேலையைக் காலங்காலமாகச் செய்தவர்கள் வீட்டுப் பெண்கள். நெல்லுக்கு மில் வந்தது, வரகுக்கு வரவில்லை. வரகின் கதை அங்கேதான் திரும்பியது.

முதலில் பழைய காலம். வரகு இந்த மண்ணிலேயே பயிராகிப் பழகிய தானியம். ஏறக்குறைய 3,000 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவில்தான் இது பயிர்செய்யப்பட்டது என்கிறார்கள் தாவர ஆய்வாளர்கள். சங்கப் பாட்டுகளில் வரகு இல்லாத முல்லை நிலம் இல்லை. புறநானூற்றின் 335ஆம் பாட்டு, வரகு, தினை, கொள்ளு, அவரை என்ற நான்கையும் விட்டால் வேறு உணவு இல்லை என்று கணக்கே கொடுத்துவிடுகிறது. செய்ந்நன்றி மறப்பது பற்றி ஆலத்தூர் கிழார் பாடிய 34ஆம் பாட்டில் வரகு விருந்துச் சோறாகவே வருகிறது. புன்செய் வரகைப் பாலில் சமைத்து, தேன் கலந்து, சுட்ட முயல்கறியோடு இலந்தை மரத்தடியில் உட்கார்ந்து தின்கிறார்கள். வரகை ஏழையின் சோறு என்று ஒதுக்குகிறவர்கள் இந்தப் பாட்டை ஒருமுறை படிக்க வேண்டும்.

என்னை அதிகம் பாதித்தது 327ஆம் பாட்டு. ஒரு சிறிய ஊர்த் தலைவனுக்குக் கொஞ்சம் வரகு விளைந்திருக்கிறது. மாடு கட்டிப் போரடிக்கும் அளவுக்குக்கூட இல்லை. இளைஞர்கள் காலால் மிதித்து மணியை உதிர்க்கிறார்கள். கடன்காரர்களுக்குக் கொடுத்தது போக மிச்சத்தைப் பசித்துவந்த பாணர்கள் தின்று தீர்க்கிறார்கள். அதன்பிறகும் சுற்றத்தார் வருகிறார்கள். அவன் ஊருக்குள் போய் வரகு கடன் கேட்கிறான். எங்கள் பக்கத்தில் என் சிறுவயதுவரை வரகு கடனாகப் போய்வந்தது. படியால் அளந்து கொடுப்பார்கள், அறுவடைக்குப் பிறகு அதே படியால் திரும்பிவரும். காசு கைமாறாது.

மில்காரி என்பதால் எனக்கு இவை எல்லாவற்றையும்விட நெருக்கமான இடம் பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசில் வாங்கப் போகும் பாணனுக்கு வழி சொல்கிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். வழியில் புன்செய் ஊர் ஒன்று. முற்றத்தில் பெண்யானைக் கூட்டம்போலக் குதிர்கள். பந்தலுக்குக் கீழே ஆண்யானையின் கால்போல ஒரு திரிமரம், அதாவது தானியம் திரிக்கும் மரத் திரிகை. அந்த ஊரில் பாணனுக்குக் கிடைப்பது வரகுச் சோறும் அவரைப் பருப்பும். குதிர், திரிகை, சோறு: ஒரு வரகு வீட்டின் முழு ஏற்பாடும் சில வரிகளுக்குள் வந்துவிட்டது. திரிகை இல்லாத வீட்டில் வரகுச் சோறு இல்லை என்பது அந்தப் புலவருக்குத் தெரிந்திருக்கிறது. திரிகையைச் சுற்றிய கை மட்டும் பாட்டில் இல்லை.

அந்தக் கையை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் அப்பாயி வைத்திருந்தது மண் திரிகை. கல் திரிகையில் வரகைப் போட்டால் கனம் தாங்காமல் அரிசி நொறுங்கி மாவாகும். அதனால் எங்கள் பக்கத்தில் களிமண்ணோடு உமியும் நறுக்கிய தாளும் சேர்த்து மிதித்துக் குழைத்து, இரண்டு வட்டுகளாகத் தட்டி, நிழலில் உலரவிட்டுத் திரிகை செய்துகொள்வார்கள். கீழ்வட்டின் நடுவில் மர முளை. மேல்வட்டின் நடுவில் குழி, ஓரத்தில் கைப்பிடிக் குச்சி. இரண்டு பெண்கள் எதிரெதிராகக் காலை நீட்டி உட்கார்ந்து ஆளுக்கு ஒரு கை பிடித்துச் சுற்றுவார்கள். மற்றக் கையால் ஒருத்தி குழிக்குள் வரகை அள்ளிப் போடுவாள். ஒரேயடியாக நிறையப் போட்டால் திரிகை தூக்கிக்கொள்ளும், தோல் உரியாது. குறைத்துப் போட்டால் அரிசி உடையும். அந்த அளவு கைக்குத்தான் தெரியும்.

திரித்து முடிந்தால் வேலை பாதிதான் முடிந்தது என்று அர்த்தம். முறத்தில் புடைத்து உமியைத் தள்ள வேண்டும். உரியாமல் தங்கிய வரகைப் பிரித்துத் திரும்பத் திரிகையில் போட வேண்டும். உரிந்ததை உரலில் இட்டுக் குத்த வேண்டும். திரும்பவும் புடைத்து, நொய்யைத் தனியே கொழித்தெடுத்து, கல் பொறுக்க வேண்டும். வரகுத் தூசியில் சுணை உண்டு. கழுத்திலும் முழங்கையிலும் பட்டால் குளித்த பிறகும் அரிப்பு அடங்காது. பகலெல்லாம் களையெடுத்துவிட்டு வந்த பெண்கள் இரவில் இந்த வேலைக்கு உட்கார்ந்தார்கள். மறுநாள் சோற்றுக்கான வேலை அது. நாளைக்குச் செய்யலாம் என்று தள்ளிப்போட முடியாது.

“வரகு திங்கிறது லேசு, அதை அரிசியாக்குறதுதான் பாடு” என்பாள் அப்பாயி. பெண் கொடுக்கும்போது மாப்பிள்ளை வீட்டில் நெல்லா வரகா என்று விசாரித்த காலத்தை அவள் சொல்வாள். வரகு தின்கிற வீடு என்றால் பெண்ணைப் பெற்றவர்கள் தயங்குவார்களாம். மகள் போய்த் திரிகை இழுக்க வேண்டுமே என்பதுதான் அந்தத் தயக்கம்.

இவ்வளவு பாட்டையும் பொறுத்துக்கொண்டு ஏன் வரகைக் கட்டி அழுதார்கள் என்றால், வேறு எதுவும் வரகுபோல வானத்தை நம்பிப் பிழைக்காது. எங்கள் பக்கம் ஏரி வற்றினால் கிணறும் வற்றும் மேட்டுநிலம். ஆடிப்பட்டத்தில் துவரை, ஆமணக்கோடு கலந்து வரகை விதைப்பார்கள். மழை தவறினால் வாடிக் கிடக்கும், மறுபடி ஒரு மழை விழுந்தால் எழுந்துகொள்ளும். மார்கழி, தையில் அறுப்பு. தாள் மாட்டுக்கு ஆகும், கூரைக்கு ஆகும், சுவர் வைக்கும் மண்ணில் மிதித்துச் சேர்க்கவும் ஆகும். உமியோடு குதிரில் கொட்டிவைத்த வரகு ஆண்டுக்கணக்கில் பூச்சி தொடாமல் கிடக்கும். பஞ்சத்துக்கு அதுதான் கையிருப்பு. உரிக்க விடாமல் பெண்களைப் பாடுபடுத்திய அதே உமிதான் தானியத்தைக் காத்தது.

கோயில் கலசத்தில் வரகு நிரப்பும் வழக்கம் இன்றும் நடக்கிறது. குடமுழுக்கின்போது பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்புகிறார்கள். வரகுக்கு இடியைத் தாங்கும் சக்தி உண்டு என்று பரவுகிற செய்தியை நான் ஏற்பதில்லை. அதிக காலம் கெடாமல் இருக்கும் தானியம் எது என்று உழவருக்குத் தெரிந்திருந்தது, அதை மேலே வைத்தார்கள். அந்த அறிவே பெருமைப்பட வேண்டிய விஷயம். அதன்மேல் மின்னலை ஏற்ற வேண்டியதில்லை.

வரகைப் பற்றி மறைக்கக் கூடாத ஒன்றும் உண்டு. கதிர் முற்றுகிற நேரத்தில் மழை பிடித்து, ஈரத்தோடு அறுத்துக் குவித்தால் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சை விஷத்தை உண்டாக்கும். தின்றவர்களுக்குத் தலைசுற்றும், வாந்தி வரும், கிறக்கமாகக் கிடப்பார்கள். 2024 அக்டோபர் கடைசியில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் புலிகள் காப்பகத்தில் 10 யானைகள் செத்துப்போயின. வயலில் புகுந்து அவை தின்ற வரகுப் பயிரில் இருந்த பூஞ்சை நஞ்சே காரணம் என்று ஆய்வில் தெரியவந்தது. எங்கள் வீட்டில் அறுப்பு வரகை நல்ல வெயிலில் பல நாள் காயவைத்து, கொஞ்ச காலம் கிடந்த பிறகுதான் உலையில் போடுவார்கள். இன்றும் ஈர வரகை எங்கள் மில்லில் வாங்குவதில்லை. பல்லில் வைத்துக் கடித்தால் ‘டக்’கென்று உடைய வேண்டும், நசுங்கக் கூடாது.

இனி வரகு போன கதைக்கு வருகிறேன். 1950, 60களில் ஊர் ஊராக மின்சாரம் வந்தது, கூடவே நெல் அரைக்கும் மில்லும் வந்தது. ஒரு மூட்டை நெல்லைக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் அரிசியாகத் திரும்பும். அதே இயந்திரத்தில் வரகைப் போட்டால் பாதி உரியாமல் வரும், மீதி மாவாக வரும். மில்காரர்கள் வரகு மூட்டையைத் திருப்பி அனுப்பினார்கள். பெண்களின் தோள்வலி நெல் வீட்டில் தீர்ந்தது, வரகு வீட்டில் அப்படியே இருந்தது.

என் முடிவுக்குப் பெரிய சாட்சி கேழ்வரகு. கேழ்வரகும் கம்பும் சோளமும் கதிரடிக்கும்போதே பெரும்பாலும் உமியைக் களத்தில் விட்டுவிட்டு வருபவை. கேழ்வரகைக் கழுவிக் காயவைத்து எந்த மாவு மில்லில் கொடுத்தாலும் அரைத்துத் தந்துவிடுவார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் களியும், எல்லா ஊர் மாரியம்மன் கோயிலிலும் ஆடிக் கூழும் இன்றுவரை தொடர்வதற்கு இது பெரிய காரணம். உமியோடு வீட்டுக்கு வந்த வரகு, சாமை, தினை, குதிரைவாலி, பனிவரகு ஆகியவைதான் சமையலறையைவிட்டு முதலில் வெளியேறின. சுவையில் இவை கேழ்வரகுக்குப் பின்னால் நிற்பவை என்று யாரும் சொல்ல முடியாது. இவற்றுக்கு உமி இருந்தது, கேழ்வரகுக்கு அந்தத் தொல்லை இல்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

மற்றக் காரணங்கள் தொடர்ந்து வந்தன. 1966இல் அதிக விளைச்சல் தரும் ஐ.ஆர்.8 நெல் வந்தது. 1967இல் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் தொடங்கியது. 1972இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் ஏற்பட்டு, நியாயவிலைக் கடை அரிசி குக்கிராமம் வரை வந்தது. 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011இல் விலையில்லா அரிசி. இந்தத் திட்டங்களைக் குறைசொல்லமாட்டேன். அவற்றால் பசி தீர்ந்த குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. இருந்தாலும் அரிசி கையில் கிடைக்கும்போது இரவில் திரிகை இழுக்க யார் உட்காருவார்கள்? உட்கார வேண்டும் என்று சொல்ல யாருக்கு உரிமை உண்டு? திரிகையை வெளியே தூக்கிப் போட்ட பெண்களைப் பண்பாட்டை மறந்தவர்கள் என்று பேசுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நிலமும் கைமாறியது. எங்கள் மாவட்டத்து வரகுக்காடுகளில் இன்று மக்காச்சோளமும் பருத்தியும் நிற்கின்றன.

இயந்திரம் வரகுக்கு மிகத் தாமதமாக வந்தது. கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலைவாழ் பெண்களின் குழுக்களிடம் சிறுதானியம் உடைக்கும் சிறிய இயந்திரங்களைக் கொடுத்து நடத்தச் சொன்னது. சாமையும் தினையும் அங்கே மறுபடி உலைக்கு வந்ததில் அந்த இயந்திரங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பிறகு கோவைப் பக்கத்து இயந்திரக் கடைகள் விதவிதமாகச் செய்து விற்கத் தொடங்கின. என்னிடம் இருப்பதில் ஒரு வட்டு வேகமாகச் சுழன்று தானியத்தைச் சுற்றுச்சுவரில் விசிறியடிக்கும். மோதிய வேகத்தில் உமி வெடித்துவிடும். காற்று உமியை ஒரு பக்கம் இழுத்துக்கொள்ள, அரிசி கீழே விழும். பிறகு சல்லடை, கல்நீக்கி. மண் திரிகையில் ஒரு குடும்பத்துக்கு ஓர் இரவு பிடித்த வேலை இதில் பேச்சை ஆரம்பித்து முடிப்பதற்குள் ஆகிவிடும்.

இப்போது வேறொரு தொல்லை. 2018இல் இந்திய அரசு சிறுதானியங்களைச் சத்துமிக்க தானியங்கள் என்று அறிவித்தது. 2023ஐ ஐ.நா. அனைத்துலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நகரத்துக் கடைகள் வரகரிசி கேட்கத் தொடங்கின. ஆனால் வெள்ளையாகக் கேட்கிறார்கள். நெல்லரிசியைத் தீட்டுவதுபோல வரகையும் தீட்டித் தரச் சொல்கிறார்கள். தீட்டினால் தவிடு போகும், தவிட்டோடு சத்தும் போகும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு அட்டவணைப்படி 100 கிராம் வரகில் நார்ச்சத்து 6 கிராமுக்கு மேல் இருக்கிறது, தீட்டிய நெல்லரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. இரும்புச்சத்து வரகில் 2.3 மில்லிகிராம், தீட்டிய அரிசியில் ஒன்றுக்கும் கீழே. இந்த வித்தியாசத்துக்காகத்தானே கூடுதல் விலை கொடுத்து வரகு வாங்குகிறீர்கள்? தீட்டி வெளுத்த வரகை வாங்கினால் அந்தக் காசு வீண். மருந்துபோல விற்பதும் தப்பு. வரகும் மாவுச்சத்துதான், 100 கிராமில் 66 கிராம் அளவுக்கு. சர்க்கரை நோய் உள்ளவர் அளவு பார்த்துத்தான் சாப்பிட வேண்டும்.

வாங்கும்போது உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டிப் பாருங்கள். நல்ல வரகரிசி மங்கிய பழுப்பாக இருக்கும், சில மணிகளில் தவிட்டுத் தோல் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும். எல்லாம் ஒரே வெள்ளையாக இருந்தால் தீட்டியது. முகர்ந்து பாருங்கள். தவிட்டில் எண்ணெய்ப் பசை உண்டு, நாள்பட்டால் காறல் வாடை வரும். அதனால் மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கினால் போதும்.

சமையல் எளிது. ஆழாக்கு வரகரிசியை இரண்டு தண்ணீரில் கழுவி, அரை மணி ஊறவையுங்கள். இரண்டரை ஆழாக்குத் தண்ணீர் கொதித்ததும் போட்டு, உப்பிட்டு, தீயைக் குறைத்து மூடிவிடுங்கள். தண்ணீர் சுண்டியதும் இறக்கி, மூடி திறக்காமல் பத்து நிமிடம் விட்டால் பொலபொலவென்று வரும். குக்கரில் வைத்தால் குழையும், எனக்கு அது பிடிப்பதில்லை. குழைய வேண்டும் என்றால் கஞ்சியாகவே வைத்து மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் குடிக்கலாம். இட்லிக்கு நான்கு பங்கு வரகரிசிக்கு ஒரு பங்கு உளுந்து சரியாக வரும்.

வரகுச் சோற்றுக்குக் குழம்பு கொஞ்சம் புளிப்பாகவும் உறைப்பாகவும் இருக்க வேண்டும். கருவாட்டுக் குழம்பு பொருந்தும். எதையும்விடப் பொருந்துவது சுட்ட கத்தரிக்காய். தணலில் தோல் கருகும்வரை சுட்டு, உரித்து, பச்சைமிளகாயும் உப்பும் புளியும் வைத்துக் கையால் பிசைந்து, மேலே நல்லெண்ணெய் ஊற்றினால் போதும், பக்கத்தில் புளித்த மோர். புல்வேளூரில் பூதன் என்பவன் வீட்டில் ஔவையார் சாப்பிட்டு, உலகம் முழுவதையும் கொடுத்தாலும் தகும் என்று பாடியதாக ஒரு தனிப்பாடல் உண்டு. அந்தச் சாப்பாட்டிலும் வரகுச் சோறு, கத்தரிக்காய், புளித்த மோர் இவைதான். எங்கள் பக்கத்து வீடுகளில் இந்தச் சேர்க்கை இன்னும் மாறவில்லை.

2023 முதல் தருமபுரியிலும் நீலகிரியிலும் நியாயவிலைக் கடைகளில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம் என்று அரசு ஏற்பாடு செய்தது. வரகு விளைந்த பெரம்பலூர், அரியலூர், கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்கு இதேபோல வரகரிசி கொடுக்க வேண்டும். அதற்கு முன், ஒன்றியத்துக்கு ஓர் உமி நீக்கும் இயந்திரமாவது பெண்கள் குழுக்களின் கையில் வேண்டும். இயந்திரம் இல்லாமல் விதையை மட்டும் கொடுத்தால் உழவர் வரகைப் பறவைத் தீவனத்துக்குத்தான் விற்பார். வாங்குகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: கடைக்காரரிடம் தீட்டாத வரகரிசி என்று வாய்விட்டுக் கேளுங்கள். நீங்கள் கேட்டால்தான் அவர் எங்களிடம் அதைக் கேட்பார்.